எடுக்க வேண்டிய சைபர்

12-8-2005, வெள்ளி

அந்த சைபரை எடுத்துவிட வேண்டும் என்று நான் இன்று யாரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் குவைத்துக்குப் போன மாப்பிள்ளை நான்கு மணிக்கு என்னோடு பேசுவார், பேசியதும் தேதி குறித்துவிடலாம் என்று மாமா ஏற்பாடு செய்திருந்தார். அவருக்கு அனுப்பிய எங்கள் எண்ணைக் காலையில் பெருமையாகக் காட்டினார். 0091 போட்டு, அடுத்து ஊர்க் குறியீட்டை அதன் சைபரோடு அப்படியே எழுதியிருந்தார். நாட்டுக்குள் வெளியூரிலிருந்து அழைப்பவருக்குத்தான் அந்த சைபர். குவைத்திலிருந்து அதையும் சேர்த்துப் போட்டால் லைன் கிடைக்காது.

அப்பா உப்பளத்திலிருந்து சீக்கிரமே வந்து போன் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறு மணி ஆனது.

"ஏம்பா, ஒரு போன் பண்ண முடியாதவனா எம் பொண்ண வெச்சிக் காப்பாத்தப் போறான்?"

"லைன் பிஸியா இருக்கும் மச்சான்," என்றார் மாமா.

"நாலு மணியிலேர்ந்தா?"

நான் பொய் சொல்லவில்லை. எண் சரியா என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கல்யாணம் வேண்டுமா, பி.எட். படிக்க வேண்டுமா என்றும்தான் என்னை யாரும் கேட்கவில்லை. அங்கே அவரும் ரிசீவரோடு நின்றிருப்பார். அது மட்டும் உறுத்துகிறது. உறுத்தட்டும்.

எட்டு மணிக்கு அப்பா, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லிவிட்டார்.