பச்சைக் குழாய்தான் என்று சொன்னேன், அக்கா

அக்கா, இன்று காலை ஸ்கூடாயில் பெட்ரோல் போட எண்ணெய் நிலையத்தில் உன் காரின் எண்ணெய் மூடியைத் திறந்தேன். உள்பக்கம் நீ ஒட்டிய தாள் ஓரத்தில் உரிந்து வருகிறது. "97 மட்டும்" என்று எழுதியிருக்கிறாய். தமிழ்ப்பள்ளிக் கையெழுத்து இன்னும் அப்படியே இருக்கிறது. விரலால் அழுத்திப் பார்த்தேன், ஒட்டவில்லை. பின்னால் நின்றவர் ஹார்ன் அடித்ததும் மூடிவிட்டு வந்தேன்.

இந்தக் காரை நீ வாங்கிய நாளில் நம் வீட்டில் நடந்த கூத்து நினைவிருக்கிறதா? இருபத்திரண்டு வருடம் விடியுமுன்னே எழுந்து, தொழிற்சாலை பஸ்ஸில் பாலம் கடந்து சிங்கப்பூருக்குப் போய் வந்தவள், வேலையை விட்ட மாதமே ஜப்பானில் ஓடிய பழைய டர்போ கார் ஒன்றை வாங்கி வந்து நிறுத்தினாய். அதிலும் கியர் வண்டி. "இந்த வயசுல ரேஸ் ஓட்டப் போறாளாமா?" என்று சொந்தக்காரர்கள் வாயில் கையை வைத்தார்கள். "இத்தன வருஷம் எவனோ ஓட்டுன வண்டியில தூங்கிட்டே போனேன். இனிமே நான் ஓட்டுறேன், நீங்க தூங்குங்க" என்றாய்.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் நான் மேதாவியாகிவிட்டேன். உன் வண்டியின் கையேடு முழுக்க ஜப்பானிய மொழி. நம் இருவருக்கும் ஓர் எழுத்தும் புரியாது. மஞ்சள் குழாயில் 95 எண் பெட்ரோல் வரும், பச்சைக் குழாயில் 97 வரும். அரசாங்க மானியத்தில் மலிவாக வரும் 95-ஐச் சிங்கப்பூர் வண்டிக்கு நம் நாட்டில் ஊற்றக்கூடாது என்பது சட்டம். அதனால் பச்சைக் குழாயைக் கண்டாலே அது சிங்கப்பூர்க்காரன் குழாய் என்று ஒரு நினைப்பு நமக்கு ஊறிப்போயிருந்தது. "அது அவனுங்களுக்குக்கா. நமக்கு மஞ்சள் போதும்" என்று அடித்துச் சொன்னேன். நீயும் நம்பினாய்.

பெக்கோக்கில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போதுதான் குட்டு உடைந்தது. நல்ல வெயில், வண்டியில் ஐந்து பேர். நெடுஞ்சாலை ஏற்றத்தில் நீ அழுத்தி மிதித்ததும் தகர டப்பாவில் கல்லைப் போட்டு உலுக்குவதுபோல ஒரு சத்தம். "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்றேன். நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் பட்டறைக்குப் போய் அந்தச் சீன மெக்கானிக்கிடம் கேட்டு வந்தாய். டர்போ காற்றை அமுக்கித் திணிக்கிறது. குறைந்த எண் பெட்ரோல் அந்த அழுத்தத்தையும் சூட்டையும் தாங்காமல், முறைப்படி எரிவதற்கு முன்பே தானாக வெடிக்கிறது. அதுதான் அந்தச் சத்தம். இப்படியே ஓட்டினால் ஒருநாள் பிஸ்டன் போய்விடும் என்றாராம். நீ அதையும் அப்படியே நம்பிவிடவில்லை. டேங்க் காலியாகும்வரை ஓட்டி, 97 நிரப்பி, அதே ஏற்றம், அதே கியர், அதே ஐந்து பேர். பாவம், எங்களை மறுபடியும் ஏற்றிக்கொண்டு போனாய். சத்தம் இல்லை.

நான் விடுவேனா? "அப்ப 100 ஊத்துனா இன்னும் பறக்கும்கா" என்றேன்.

"அட அலமாக், சத்தமே இல்லாதப்ப 100 எதுக்குடா? நம்பர் கூடுனா வேகம் கூடாதாம். முந்திக்கிட்டு வெடிக்காம தாங்குமாம், அவ்வளவுதான். இந்த வண்டிக்கு 97 போதும்னு அந்த ஆளே சொல்லிட்டாரு" என்றாய். அன்றைக்குத்தான் அந்தத் தாளை ஒட்டினாய்.

அதற்கடுத்த வருடம் உன் வயிற்றில் கட்டி வந்தது. மருத்துவமனைக்கு நான்தான் உன் வண்டியில் கூட்டிப் போனேன். நம் வீடுகளில் வழக்கம்போல டாக்டரை முன்கூட்டியே பிடித்து, எதுவானாலும் என்னிடம் சொல்லுங்கள், அக்காவிடம் வேண்டாம் என்று கேட்டிருந்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றார். அவர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, நானே சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, சிரித்த முகத்தோடு உன்னிடம் வந்தேன்.

ஜொகூர் பாரு மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது மேம்பாலத்தில் ஏறினோம். நீ தலையைச் சாய்த்துக் கேட்டாய்.

"தம்பி, என்ன ஊத்துன?"

"பச்சைதான்கா."

முந்தின நாள் மஞ்சளைத்தான் ஊற்றியிருந்தேன். நீ இனி எங்கே ஓட்டப் போகிறாய், ஆஸ்பத்திரிக்குப் போய் வர இது போதாதா என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு இன்றும் எனக்குக் கூசுகிறது.

"சத்தம் கேக்குதே."

"ஏர்கான் சத்தம்கா."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஒன்னும் இல்லக்கா. மருந்த மாத்தியிருக்காரு. ரெண்டு மாசத்துல சரியாயிடும்."

நீ கை நீட்டி ஏர்கானை அணைத்தாய். அடுத்த ஏற்றத்தில் சத்தம் இன்னும் நன்றாகக் கேட்டது. "இப்ப ஏர்கான் இல்ல. சத்தம் இருக்கு. வண்டிக்கு ஊத்துனதுலயே பொய் சொல்றவன், டாக்டர் சொன்னத மட்டும் எனக்கு ஒழுங்கா சொல்லுவியா?" என்றாய். குரலை உயர்த்தவே இல்லை.

ஒரு கடைவரிசை முன்னால் நிறுத்திவிட்டு, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வருடம் தாண்டாது என்பதையும் சொன்னேன். நீ எதிரே இருந்த கடைகளை ஒரு சுற்றுப் பார்த்தாய். பிறகு, "பசிக்குதுடா, ரொட்டி சானாய் சாப்பிட்டுப் போலாம்" என்றாய். சாப்பிட்டு வந்ததும், "சாவியக் குடு, நான் ஓட்டுறேன்" என்றாய்.

ஐந்து மாதம் இருந்தாய். பேச்சில்லாமல் இருந்த பெரியண்ணன் வீட்டுக்கு நீயே போய்ச் சோறு கேட்டுச் சாப்பிட்டாய். தொழிற்சாலைத் தோழிகள் மூவரை ஏற்றிக்கொண்டு மெர்சிங் கடலுக்குப் போனாய். வண்டியை என் பெயருக்கு மாற்றும்போது ஏன் எனக்கு என்று கேட்டேன். "ஒரு தடவ கையும் களவுமா மாட்டுனவன் நீ. இனிமே ஒழுங்கா இருப்பல்ல" என்று சிரித்தாய்.

இருக்கப் பார்க்கிறேன், அக்கா. ஆனால் உறுத்துவது நான் சொன்ன பொய் அல்ல. நீ கண்டுபிடிக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான். அந்த ஐந்து மாதத்தையும் மருந்து வேலை செய்யும் என்று படுக்கையில் காத்திருந்தே கழித்திருப்பாய். நானும் உனக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.