மங்கிய திரை

வாத்தியாரம்மாவுக்கு,

பயிற்சி வகுப்பு எப்படிப் போகிறது? போனில் பேசினால் சின்னவள் காதில் விழும். அதனால்தான் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புகிறேன்.

தலைவலி என்றாளே, க்ளினிக்குக் கூட்டிப் போனேன். அவள் வயதுப் பிள்ளைகள் டாக்டரைப் பார்க்குமுன் டேப்லெட்டில் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். தூக்கம், சாப்பாடு, போன் என்று மடமடவென்று தட்டிக்கொண்டே போனவள் ஒரு கேள்வியில் நின்றுவிட்டாள். திரை மங்கியது. தொட்டு வெளிச்சமாக்கினாள். மறுபடி மங்கியது.

"என்னம்மா, ஹேங் ஆயிடுச்சா?" என்று கேட்டேன். நீ சொல்கிற மரமண்டைதானே நான்.

"இல்லப்பா. நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போய் உக்காருங்களேன்."

போய் உட்கார்ந்தேன். டாக்டர் அவளோடு வெகுநேரம் தனியாகப் பேசிவிட்டு என்னையும் உள்ளே கூப்பிட்டார்.

"வீட்ல தூக்க மாத்திரை இருக்கா? எங்க வெச்சிருக்கீங்க?"

"என் வீட்டுக்காரியோடது இருக்கு. ஃபிரிட்ஜ் மேல, டப்பாவுல" என்றேன்.

"இல்லப்பா" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி. "அம்மா ஊருக்குப் போறப்ப பீரோவுக்கு மாத்திட்டாங்க. புடவைக்கு அடியில."

வீட்டுக்கு வந்து பார்த்தேன். அங்கேதான் இருந்தது.

டப்பா இப்போது என் சட்டைப்பையில். நாளைக் காலை மறுபடி டாக்டரைப் பார்க்க வேண்டும். வகுப்பு கிடக்கட்டும், இன்றே கிளம்பி வா.

உன் மரமண்டை