ஊசிமுனைக்கு ஒரு நன்றிப் பூசை

ராயபுரம்

அன்பு சாராவுக்கு,

கஸ்பார் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். ஜெர்மனிக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டுதான் நடக்கிறாய் என்று நம்புகிறேன். அங்கேயே இருப்பதா, ஊருக்கு வருவதா என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் நீ அழுது என்னையும் அழவைப்பாய். அதனால்தான் கடிதம்.

உன் முதல் செய்தி வந்தபோது துறைமுகத்தில் கிரேனைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். பாலாடையைவிட மெல்லிய படலம், அதற்குள் இருக்கும் மின்திசையை மின்சாரமே கொடுக்காமல், ஊசிமுனையால் அழுத்தியே தலைகீழாகத் திருப்பிவிட்டாயாமே! எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாருக்கும் டீ சொன்னேன். "இன்னா மாமு, பிரமோசன் வந்துகீதா?" என்றான் கூட வேலை செய்யும் அறிவு. என் பொண்டாட்டி ஜெயித்துவிட்டாள் என்றேன்.

பக்கத்து வீட்டு ரமாபாய் அக்கா, "அடுப்பு லைட்டர அமுக்குனா பொறி வர்தே, அதான இது?" என்று கேட்டார். அதற்கு உறவுக்காரன்தான் அக்கா, ஆனால் லைட்டர் கையை எடுத்ததும் மறந்துவிடும், சாராவுடையது ஊசியை எடுத்த பிறகும் திரும்பிய திசையிலேயே நிற்கும் என்று நீ சொன்னதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

அம்மா செய்த வேலையைக் கேள். சோதனை பலித்தால் மருமகள் வந்துவிடுவாள் என்று தானே முடிவுகட்டி, மாதா கோயிலில் நன்றிப் பூசைக்குப் பணம் கொடுத்துவிட்டார். ஞாயிறன்று ஃபாதர் ஒலிபெருக்கியில், "சாரா நிரந்தரமாக வீடு திரும்புவதற்கு நன்றியாக" என்று வாசித்தார். வெளியே வந்தால் ஆளாளுக்குக் கைகுலுக்குகிறார்கள். நீ வரும் அன்று வஞ்சிரம் தன் செலவு என்று மீன்கடை மேத்யூ அண்ணன் அறிவித்துவிட்டார்.

அன்று மாலைதான் உன் அடுத்த செய்தி. இன்னும் ஓராண்டு இருந்து அந்த வேலையைத் தொடரச் சொல்கிறார்கள், முடியாது என்று எழுதிவிடட்டுமா என்று. எழுதாதே சாரா. நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை, பொய் சொல்லமாட்டேன். ஆனால் எத்தனையோ முறை தோற்று இப்போதுதான் அந்த மின்திசை திரும்பியிருக்கிறது. அதை விட்டுவிட்டு வந்தால் எனக்கு வஞ்சிரம் தொண்டையில் இறங்காது.

அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு, "பூசைய மாத்திப் படிக்கச் சொல்லணும், என் செருப்பு எங்க கீது?" என்று கிளம்பிவிட்டார். வரும் ஞாயிறு வாசிக்கப்போவது இதுதான்: "மகன் கஸ்பார் மருமகளிடம் நல்லபடியாகப் போய்ச் சேர." லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மாதா உன் கைகளைக் காக்கட்டும். கிறிஸ்துமஸ் அன்று ஒரு தட்டு கூடுதலாக எடுத்து வை.

உன்,
கஸ்பார்