கேட்டுவிட்ட கேள்வி

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து சாரல். ஆர்.எஸ்.புரம் கிளினிக்குக்கு நனைந்துகொண்டே. கேள்வித்தாள் கட்டு பிளாஸ்டிக் பைக்குள், நான் வெளியே.

வாங்க: ஸ்டேப்ளர் பின், தலைவலித் தைலம், பால்.

நேற்று அம்மா போனில் மறுபடி கேட்டாள், என்னதான் ஆராய்ச்சி என்று. மறுபடி சொன்னேன். சின்ன வயதில் 'நான் யாருக்கும் வேண்டாதவள்' என்கிற மாதிரி ஒரு நினைப்பு மனதில் ஊன்றிவிடும். வளர்ந்த பிறகும் அதுதான் ஆளை ஓட்டும். ஸ்கீமா என்று பெயர். அதை மாற்ற ஒரு சிகிச்சை இருக்கிறது. யாருக்கு எந்த நினைப்பு என்று பார்க்கத் தமிழில் ஒரு கேள்வித்தாள். அது சரியாக அளக்கிறதா என்று சோதிப்பதுதான் என் பிஎச்.டி.

"அது எல்லாருத்துக்குமே இருக்குமே கண்ணு" என்றாள். பிறகு கேஸ் சிலிண்டர் வராததைப் பற்றி.

ஜூன் 12, வியாழன்

வெயில். மதியம் கைடு சாரைப் பார்த்தேன். பிரச்சினை பழையதுதான், கேள்வித்தாளில் அந்த ஒரு கேள்வி: 'என் விருப்பத்தைச் சொல்லாமல் மற்றவர்களுக்கே விட்டுக்கொடுத்துவிடுகிறேன்.' சிகிச்சைக்கு வரும் பெண்களும் 'முழுக்கப் பொருந்தும்' கட்டத்தில் டிக். எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களும் அதே கட்டத்தில் டிக். இரண்டு பேரையும் பிரித்துக் காட்டாத கேள்வியால் என்ன பயன்.

சார் சொன்னார்: "நம்ம பக்கம் அது நோயில்லீங்க, மரியாதை. எடுத்துப்போடுங்க."

எடுத்தால் அந்தப் பகுதியே நிற்காது. மூன்றாம் முறையாக வார்த்தையை மாற்றினேன். நம்பிக்கை இல்லை. கேன்டீன் தயிர்சாதம் புளிப்பு.

ஜூன் 13, வெள்ளி

ச. அக்கா. (பெயர் இங்கேயும் வேண்டாம்.) வெள்ளகோவில். வீட்டுக்காரர் முருங்கைக்காய் மண்டி. தூக்கமில்லை, ஓயாத தலைவலி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை, அதனால் மனநல டாக்டரிடம். டாக்டர் என்னிடம் அனுப்பினார். ஒவ்வொரு கேள்வியையும் படித்துக்காட்டி, அவருக்கு என்ன புரிந்தது என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

வெளியே வீட்டுக்காரர் போனில்: "அந்த வெலைக்குக் கட்டாதுங்க, லோடைத் திருப்பிரச் சொல்லுங்க."

உள்ளே நான்: 'நெருக்கமானவர்கள் என்னை விட்டுப் போய்விடுவார்களோ என்று பயப்படுகிறேன்.'

அக்கா யோசித்தார். "போறதுக்கு, அவங்க எப்பங்க அம்மணி வந்தாங்க?"

கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

அடுத்தது: 'என் மனதில் இருப்பதைக் கேட்க எனக்கு யாரும் இருந்ததில்லை.' பேனா தாளின் மேலேயே நின்றது. டிக் செய்யவில்லை. பேச ஆரம்பித்தார். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே தாய் இறந்தது. ஆனைமலையில் அத்தை வீட்டில் விட்டது. அத்தையின் கைக்குழந்தைகளை இவர் தூக்கி வளர்த்தது. பெண் பார்க்க வந்த அன்று, யார் வருகிறார்கள் என்றே தெரியாமல் தோட்டத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தது. கல்யாணம், மண்டி, இரண்டு மகன்கள், இருவரும் வெளியூர்.

"என்னையு ஒரு ஆளா நெனச்சு யாராச்சும் கேட்டாங்களான்னு, நா நெனச்சுக்கூடப் பாத்ததில்லீங்க." அழுகை. சத்தமில்லாமல், நெடுநேரம்.

விதிப்படி நிறுத்தினேன். தண்ணீர் கொடுத்தேன். டாக்டரிடம் சொன்னேன். சிகிச்சைக்கு அடுத்த மாதம்தான் நேரம். அக்கா என்னையே பார்த்து, நீங்களே கேட்க மாட்டீர்களா என்றார். நான் சிகிச்சை செய்யக் கூடாது என்றேன். தலையாட்டினார். விட்டுக்கொடுத்துவிட்டார்.

ஜூன் 27, வெள்ளி

காற்று. மேசையில் எதையும் வைக்க முடியவில்லை.

இன்று இரண்டாம் சுற்று: அதே ஆட்கள், அதே கேள்விகள். பதில் மாறாமல் நிற்கிறதா என்று பார்க்க. ச. அக்கா வரவில்லை. போனை வீட்டுக்காரர் எடுத்தார். மரியாதைக்குக் குறைவில்லை.

"இனி வேண்டாமுங்க. அங்க வந்து போனதுலிருந்து சோறு சரியாத் திங்கறதில்ல. உக்காந்தா உக்காந்த எடம். முன்னி இருந்ததே எவ்வளவோ தேவலைங்க."

சாரிடம் சொன்னேன். இரண்டாம் சுற்று இல்லையென்றால் கணக்கில் சேராது, நீக்கிவிடச் சொன்னார். எக்செல்லில் ஒரு வரி. அழித்தேன். கீழே இருந்த வரிகள் ஒரு படி மேலே ஏறிக்கொண்டன.

மாற்றி எழுதிய கேள்விக்கும் பழைய கதைதான். எல்லோரும் கடைசிக் கட்டம். அதையும் எடுத்தேன்.

சாப்பிடவில்லை. தலைவலி. செருப்பு வார் அறுந்தது.

ஜூலை 6, ஞாயிறு

போகக் கூடாது. போனேன். சிங்காநல்லூரிலிருந்து கரூர் பஸ், வெள்ளகோவிலில் இறங்கினேன். பையில் டாக்டர் கொடுத்த நேரச்சீட்டு, ச. அக்கா பெயரில்.

அக்கா தன் மாமியாரிடம் என்னை "டாக்டரூட்டு அம்மணி" என்று சொன்னார். காபி, முறுக்கு. வீட்டுக்காரர், வந்தது சந்தோஷம் என்று சொல்லிவிட்டு மண்டிக்குக் கிளம்பினார். அக்கா இளைத்திருந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டபோது மாமியார்தான் பதில் சொன்னார்.

கிளம்பும்போது அக்கா கேட் வரை வந்தார். சீட்டைக் கொடுத்தேன். பார்த்தார், மடித்து என் கையிலேயே வைத்தார்.

"முன்னியெல்லாம் தலவலீன்னு இருந்தனுங்க. மாத்தர போட்டா நின்னுபோகும். இப்ப என்னன்னு தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சு நா எங்க போறது, சொல்லுங்க."

என் கேள்விதான் தப்பு, மன்னித்துவிடுங்கள் அக்கா என்றேன்.

"இல்லீங்க கண்ணு. நீங்க சரியாத்தான் கேட்டீங்க." கேட்டைச் சாத்தினார். "இனி வராதீங்க."

பஸ்ஸில் இடம் இருந்தது. காங்கேயம் வரை நின்றுகொண்டே வந்தேன்.