பெயரைப் படிக்காமல் அழித்த பை

மஹிரா அத்தாவுக்கு,

செங்கல் கம்பெனியில் இன்று சூளை பிரிக்கிறார்கள், கல் கணக்கு எழுத வேண்டும், அதனால் சீக்கிரமே கிளம்பிவிட்டேன். மஹிராவை ஸ்கூல் வேனில் ஏற்றியாயிற்று. மீன் ஆணம் சட்டியில் இருக்கிறது, சூடாக்கிக்கொள்ளுங்கள்.

நேற்று கம்ப்யூட்டர் திரையில் இருந்த மஞ்சள் பையை அழித்துவிட்டு, "அது வெறும் ஷார்ட்கட்டு. ஃபோல்டரு உள்ளதான் இருக்குது, இதுக்குப் போயி அழுவுறியே" என்று சிரித்தீர்கள். நான் பை என்பதை நீங்கள் ஃபோல்டர் என்கிறீர்கள். எங்கள் ஆபீஸ் கனிஷ்கா அதையே டைரக்டரி என்கிறாள். எப்படியோ சொல்லிக்கொள்ளுங்கள், சண்டை போட எனக்குத் தெம்பில்லை. ஆனால் உள்ளே போக எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

பிறகு நீங்களே தேடினீர்கள். "எந்த டிரைவுல வெச்ச?" என்று அத்தனை முறை அதட்டினீர்கள். அதற்கு என்ன பெயர் வைத்தேன் என்று மட்டும் கேட்கவில்லை. கிடைக்கவில்லை என்று மூடிவைத்துவிட்டுப் படுத்துவிட்டீர்கள்.

காலையில் கனிஷ்காவுக்குப் போன் போட்டேன். "தேடுற கட்டத்துல பேர அடிங்கக்கா, வந்துடும்" என்றாள். வந்துவிட்டது. நீங்களும் அடித்துப் பாருங்கள், பெயரைக் கீழே எழுதுகிறேன்.

வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள். நீங்கள் திரும்பிப் போகும் ஃப்ளைட் டிக்கெட்டை பிரிண்ட் எடுத்து பீரோ மேல் வைத்திருக்கிறேன்.

சுஹைனா

பையின் பெயர்: அத்தா வந்ததும் காட்ட.
மஹிரா முதன்முதலாக நடந்ததிலிருந்து நான் எடுத்த வீடியோ எல்லாம் அதில் இருக்கிறது. நீங்கள் வந்துபோகும் மூன்றாவது லீவு இது.