கேட்டைப் பார்த்துத் திரும்பிய கேமரா

சேரப்பணஞ்சேரி,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் ரஞ்சித்துக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம், அந்த ஜெர்மனிக் குளிரில் நீயும் சுகமாக இருக்க ஏரிக்கரை கன்னியம்மனை வேண்டிக்கொள்கிறேன். பின்பக்கச் சுவரில் நீ மாட்டிவிட்டுப் போன கேமராவைத் திருப்பி வைத்தோம் என்று உனக்குக் கோபம், போனில் சொன்னால் குறுக்கே குறுக்கே பேசுவாய், அதனால் ஊறுகாய்ப் பார்சலோடு இதையும் வைக்கிறேன், முழுதாகப் படி.

பின்பக்க அறையில் குடியிருக்கும் பேச்சியும் முத்துச்செல்வியும் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண்கள், ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைனில் நின்று பாகம் பூட்டும் வேலை. போன வாரம் பகல் ஷிப்ட் முடிந்து வந்து, தலையில் எண்ணெய் வழிய, நைட்டியோடு குழாயடியில் யூனிபார்ம் துவைத்துக்கொண்டிருந்தாள் பேச்சி. அந்த நேரம் பார்த்து நீ அங்கிருந்து கேமராவில் இருக்கும் ஸ்பீக்கர் வழியாக, அம்மா டேங்க் வழியுது மோட்டார நிறுத்து என்று கத்தினாய். சுவரிலிருந்து ஆண் குரல் வந்ததும் பாவம், வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். நீ டேங்கைத்தான் பார்த்தாய் என்று எனக்குத் தெரியும், அவளுக்கு எப்படித் தெரியும்? சாயங்காலமே இரண்டு பேரும் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். பங்கஜம் வீட்டில் பெண் பிள்ளைகளைக் கேமராவில் பார்க்கிறார்கள் என்று பேர் வந்தால் எந்த முகத்தோடு தெருவில் நடப்பேன்? எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பாவை ஏணியில் ஏற்றினேன். இன்னாடி இது, இந்த வயசுல ஏணில ஏற வெக்கிற என்று முனகிக்கொண்டே கேமராவைக் கழற்றி வாசல் கேட்டைப் பார்த்த மாதிரி மாட்டினார். உன் போனில் அப்பா மூக்கு மட்டும் பூசணிக்காய் மாதிரி தெரிந்ததாமே, அதை நினைத்து இன்னும் சிரிக்கிறோம். பேச்சி லேசில் நம்பவில்லை, என் போனை வாங்கி, கேட்டும் அப்பாவின் ஸ்கூட்டரும் மட்டும்தான் தெரிகிறது என்று தானே பார்த்த பிறகுதான் பெட்டியைப் பிரித்தாள். அந்தச் சந்தோஷத்தில் பஜ்ஜி போட்டேன். கேட்டுக்குக் கேமரா போதும், திருடனும் முறையாகக் கேட்டு வழியாகவே வரட்டும்.

பஜ்ஜி தின்றுகொண்டே முத்துச்செல்வி, அண்ணன் எங்கள பாத்துட்டாக, நாங்க அவுகள ஒரு நாளும் பாத்ததில்லையே ஆன்ட்டி என்றாள். எல்லோரும் சிரித்தோம். எனக்கும் அதே கதைதான் என்று அப்போதுதான் உறைத்தது. கேமரா மாட்டிவிட்டுப் போனதிலிருந்து, அதான் தினம் பாக்கிறேனேம்மா என்று நீ கூப்பிடுவதையே குறைத்துவிட்டாய். நீ என்னைப் பார்க்கிறாய், நான் உன்னை எங்கே பார்க்கிறேன்? திருப்பி வைத்த இந்த ஒரு வாரத்தில் நாலு தடவை போன் வந்துவிட்டது, சண்டை போடத்தான் என்றாலும் எனக்குத் திருவிழாதான்.

தீர்க்காயுசாக இரு, காதை மூடாமல் வெளியே போகாதே. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வா. தாடி வளர்த்திருந்தாலும் திட்டமாட்டேன், முகத்தைக் காட்டு.

உன்னைப் பார்க்க ஆசைப்படும் அம்மா,
பங்கஜம்