திருப்பி அனுப்பிய சீர்

நீடாமங்கலம்,
ஐப்பசி 19.

மாப்பிள்ளை இளஞ்செழியனுக்கு,

இராஜாங்கம் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இதுவரை வந்திருந்தால், மீதியையும் படித்துவிடு. போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே பழைய சண்டை வரும். அதனால்தான் கடிதம்.

உன் அக்காள் செவ்வந்தி நலம். சம்பா நடவு முடிந்தது. மூன்று நாள் மழையில் பள்ளத்து வயல் முழுகிக் கிடக்கிறது. வடிகாலைத் தூர் வாரச் சொல்லி நான் கொடுத்த மனு எந்த மேசையில் தூங்குகிறதோ. எம்.எஸ்சி. கணிதம் படித்துவிட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் உரமூட்டை எண்ணுகிறவன் எழுதிய மனுவை யார் படிப்பார்கள்?

நம் பிள்ளை எழில்மொழி இப்போது பத்தாம் வகுப்பு. பரீட்சை நாளென்றால் விடிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். காலாண்டுத் தேர்வில் அறிவியல் தாளில் பெயர் மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். வகுப்பாசிரியை ரசியா பேகம் என்னை வரச் சொன்னார். "வாயால கேட்டா எல்லாம் சொல்றா சார். பேனாவைக் கொடுத்தா ஒரு வரி நகர மாட்டேங்குது. மெடிக்கல் போர்டுல சான்றிதழ் வாங்கிட்டு வாங்க, அவ சொல்லச் சொல்ல எழுதறதுக்கு ஆள் கொடுப்பாங்க" என்றார். நான் தலையை ஆட்டினேன். அவர் சொன்னது எனக்குப் புதிதில்லை.

மூன்று வருடம் முன்பு, அவளுடைய மஞ்சள் நீராட்டுப் பந்தலில் நீ சொன்னதுதான் அது. "அத்தான், புள்ள சோம்பேறி இல்ல, அவளுக்கு எழுத்து நிக்க மாட்டேங்குது, டாக்டர்கிட்ட காட்டுவோம்" என்றாய். என் அண்ணன்மார் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டுக்கும் வளையலுக்கும் நடுவில், ஏழாம் வகுப்புப் பாடங்களை உன் குரலில் பதிந்த, பொத்தானை அழுத்தினால் பேசும் சின்னப் பெட்டி ஒன்றை வேறு வைத்திருந்தாய். தாய்மாமன் சீர் இருபத்தொரு தட்டையும் நான் வேனில் ஏற்றித் திருப்பி அனுப்பினேன். படிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்குச் சிறப்பாசிரியர் வேலை பார்ப்பவன் என்பதற்காக என் மகளைப் பந்தலில் வைத்தா சோதிப்பது? நீ பேசிய இடம் தப்பு. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். பேசியது தப்பில்லை.

அதன்பிறகு நானே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். ஒவ்வொரு பிழைக்கும் ஐம்பது முறை எழுத வைத்தேன். ஐம்பதையும் ஐம்பது விதமாக எழுதுவாள். வேண்டுமென்றே செய்கிறாள் என்றே நினைத்தேன். எப்படி நடந்துகொண்டேன் என்று செவ்வந்தி உன்னிடம் சொல்லியிருப்பாள்.

போன புதன்கிழமை தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் பின்னாலிருந்து, "நேத்து படிச்சியே, படி" என்றேன். அவ்வளவுதான். டாக்டர் என்னை வெளியே அனுப்பியும் அவளிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. "யாரு முன்னாடி இந்தப் பொண்ணு பேசுமோ அவங்களோட அனுப்புங்க" என்று வரும் செவ்வாய்க்கிழமைக்கு எழுதிக் கொடுத்தார். அந்த நாளை விட்டால் பள்ளிக்கூடத்தில் விண்ணப்பம் வாங்க மாட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அம்மாப்பேட்டை தாண்டியதும், "மாமா வந்தா பேசுவேம்ப்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இத்தனை கஷ்டமிருந்திருக்காது.

ஆகவே செவ்வாய்க்கிழமை திருவாரூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து அவளை அழைத்துப் போ. நான் உங்களோடு வரமாட்டேன். ஆஸ்பத்திரி வாசலில்கூட நிற்கமாட்டேன்.

அந்தப் பெட்டியை நீ தூக்கிப் போட்டிருக்க மாட்டாய். பத்தாம் வகுப்புப் பாடங்களைப் பதிந்து எடுத்து வா. வெறும் கையில் நீட்டாதே. ஒரு தட்டில் வைத்துக் கொடு. இந்த முறை என் கையால் வாங்கி நானே அவளிடம் கொடுக்கிறேன்.

உன் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
எழிலின் அப்பா
இராஜாங்கம்